சைன்ரைட்டிங் உரையில் நிறுத்தக்குறி இடுவது எப்படி

சைகை மொழிகளை எழுத வேலரி சட்டன் 1974-இல் உருவாக்கிய சைன்ரைட்டிங், எழுத்துகளுக்கு எண் தரும் உலகத் தரமான யூனிகோடில், 2015-இல் வெளியான 8.0 பதிப்பில் சேர்ந்தது. அதிலுள்ள 672 குறிகளில் நிறுத்தக்குறிகள் ஐந்துதான். பதின்ம எண்ணில்: காற்புள்ளி 121479, முற்றுப்புள்ளி 121480, அரைப்புள்ளி 121481, முக்காற்புள்ளி 121482, அடைப்புக்குறி 121483. வலைப்பக்கத்தில் 𝪈 என்று இட்டால் முற்றுப்புள்ளி வரும். வினாக்குறி இல்லை, பெரும்பாலும் புருவத்தைக் காட்டும் முகக்குறியே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

விசைப்பலகையில் இருக்கும் சாதாரணப் புள்ளியைத் தட்டிவிட்டுப் போகாதீர்கள். இந்த எழுத்தில் கைக்குறிக்கு அருகே வரும் புள்ளி விரல் மூட்டு மடங்குவதைக் குறிக்கும். இங்கே முற்றுப்புள்ளி என்பது தடித்த கிடைக்கோடு, காற்புள்ளி மெல்லிய கோடு.

அடைப்புக்குறிக்கு ஒரே எண்தான். திறப்பதற்கு 121483 மட்டும் போதும். மூடுவதற்கு அதையே 180 பாகை திருப்ப வேண்டும்: 121483-ஐ அடுத்து 121508, அதாவது ஐந்தாம் சுழற்சிக்குறி. குறியின் உட்புறம் எப்படி நிரம்பியிருக்கிறது என்பதே நிரப்பு. முதல் நிரப்புக்கும் முதல் சுழற்சிக்கும் தனி எண் கிடையாது, அவை இயல்புநிலை. இரண்டும் தேவைப்படும் குறிகளில் அடிப்படைக்குறி, நிரப்பு, சுழற்சி என்ற வரிசை மாறக் கூடாது.

யூனிகோடு எண்கள் குறியைச் சொல்லுமே தவிர, அது பக்கத்தில் எங்கே நிற்கிறது என்று சொல்லாது. அதற்காகவே பலர், குறியையும் அதன் இடத்தையும் சாதாரண எழுத்தாலும் எண்ணாலும் பதியும் ஃபார்மல் சைன்ரைட்டிங்கில் எழுதுகிறார்கள். அங்கே முற்றுப்புள்ளி, ரோமன் எழுத்து 'எஸ்', 38800, பிறகு 464, 'எக்ஸ்', 496 என இடைவெளியின்றி அமையும். 388 குறி, அடுத்த 0 நிரப்பு, கடைசி 0 சுழற்சி. மற்றவை 500-ஐ மையமாகக் கொண்ட இட எண்கள். ஒரு சைகையின் குறிகளைச் சேர்த்து வைக்கும் பெட்டிக்குள் இதைச் செருகாதீர்கள். இடைவெளி விட்டு வெளியே தனியாக நிறுத்துங்கள். யூனிகோடுக்கு மாற்றும்போது வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: ஃபார்மல் சைன்ரைட்டிங்கில் நிரப்பு, சுழற்சி எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறது, யூனிகோடில் 1-இல். அங்கே சுழற்சி 4 என்றால் இங்கே ஐந்தாம் சுழற்சி.

யூனிகோடு உரையில் இடைவெளி விதி நேர்மாறானது. முற்றுப்புள்ளிக்குப் பின் வரி முறியலாம், முன்னால் முறியாது. ஆனால் முன்னால் ஓர் இடைவெளி விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மேலிருந்து கீழாக ஓடும் இந்த எழுத்தில், அடுத்த நெடுவரிசையின் தலையில் கோடு தனியாக நிற்கும். ஆகவே சைகையை ஒட்டியே இடுங்கள்.

சேமிப்பில்தான் அதிகம் கெடும். யூனிகோடு எண்களைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு குறியும் 4 பைட். முற்றுப்புள்ளி 240, 157, 170, 136. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய 'யூடிஎஃப்8' வகை 3 பைட்டுக்கு மேல் ஏற்காது: பிழை காட்டும், அல்லது கண்டிப்பு முறை அணைந்திருந்தால் அந்த இடத்தோடு உரையை வெட்டிவிடும். அட்டவணையையும் இணைப்பையும் 'யூடிஎஃப்8எம்பி4'-க்கு மாற்றுங்கள். வலைப்பக்க நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் இதே முற்றுப்புள்ளியை 55350, 56968 என்று இரண்டாக எண்ணும். நடுவில் வெட்டினால் இரண்டு பாதிகளும் உதவாது.

எல்லாம் சரியாக இருந்தும் வெற்றுக் கட்டம் தெரிந்தால் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் சைன்ரைட்டிங்கை நிறுவிப் பாருங்கள்.