வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு எந்த நேரத்தில் போன் போடுவது?

என் மகள் நியூ ஜெர்சியில், மகன் லண்டனில். ராயபுரத்தில் எங்கள் தெருவில் இப்படிப் பல வீடுகள். மார்ச் வந்தால் போதும், “அக்கா, போன வாரம் இதே நேரத்துக்குத்தானே பேசினோம், இப்போது வேலைக்குக் கிளம்பிவிட்டேன் என்கிறானே” என்று யாராவது வந்து நிற்பார்கள்.

புது நாள்காட்டியை மாட்டும்போதே நான்கு ஞாயிறுகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிடுங்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். நடுவில் வரும் அந்த இரண்டு மூன்று வாரங்களில்தான் குழப்பமே: அமெரிக்கா மாறியிருக்கும், லண்டன் மாறியிருக்காது.

நியூ ஜெர்சிக்குக் கணக்கு எளிது. நம் நேரத்தில் காலையை முந்தைய நாள் மாலையாகவும், மாலையை அதே நாள் காலையாகவும் வைத்துக்கொண்டு, கோடையில் இரண்டரை மணி, குளிர்காலத்தில் ஒன்றரை மணி கூட்டுங்கள். நம் இரவு 8 மணி அங்கே கோடையில் காலை 10.30, குளிர்காலத்தில் 9.30. லண்டனுக்குக் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி கழித்தால் போதும். சிங்கப்பூர், துபாய்க்காரர்களுக்கு இந்த வேலையே இல்லை. சிட்னியில் பருவம் தலைகீழ் என்பதால் அக்டோபர் முதல் ஞாயிறு முன்னே, ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே.

‘எதற்கு இந்த வம்பு?’ என்று சலித்துக்கொள்ளாதீர்கள். நியூசிலாந்தில் அஞ்சலகத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் ஹட்சன், வேலை முடிந்த பின் பூச்சிகளைச் சேகரிக்க வெளிச்சம் வேண்டும் என்று 1895இலேயே இதைக் கேட்டார். இங்கிலாந்தில் கட்டட ஒப்பந்தக்காரர் வில்லியம் வில்லெட் 1907 முதல் இதற்காகப் போராடி, பலனைப் பார்க்காமலே 1915இல் இறந்தார். அடுத்த ஆண்டே, போரில் நிலக்கரியை மிச்சப்படுத்த ஜெர்மனி தொடங்க, பிரிட்டனும் பின்தொடர்ந்தது. இந்தியாவிலும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடியிருக்கிறது.

இது நல்ல ஏற்பாடு என்பதே என் கருத்து. கடிகாரத்தை மாற்றாவிட்டால் ஜூனில் லண்டனில் காலை நாலு மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். தூக்கத்தில் கழியும் அந்த வெளிச்சத்தை மாலைக்கு நகர்த்துவதால்தான் இரவு ஒன்பது மணிக்கும் என் பேரன் பூங்காவில் ஓடுகிறான். நமக்கு இது தேவையில்லை. காசிமேட்டில் சூரிய உதயம் ஆண்டு முழுவதும் ஒரு மணி நேர வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும்.

வீட்டுக் கல்யாணத்தை நேரலையில் காட்டுவதானால், அழைப்பிதழில் இந்திய நேரத்தோடு அந்தந்த ஊர்க் கிழமையையும் நேரத்தையும் அச்சிடுங்கள். காலை 6 மணி முகூர்த்தம் நியூ ஜெர்சிக்கு முந்தைய நாள் இரவு 8.30. நவம்பர் முதல் ஞாயிறு தாண்டிய முகூர்த்தம் என்றால் 7.30 என்று போட வேண்டும். அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன் மகளிடம் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.