தாவும் மரபணுக்களும் கூடுதல் குரோமோசோம் தொகுதிகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிரிக்க நகத் தவளைக்கு 36 குரோமோசோம்கள். அதன் உறவான மேற்கு ஆப்பிரிக்க நகத் தவளைக்கு 20 மட்டுமே. முதல் தவளை, இரண்டு வெவ்வேறு இனங்கள் கலந்து, இருவரின் குரோமோசோம்களையும் முழுதாக வைத்துக்கொண்ட ஒரு கலப்பினத்தின் வாரிசு. பெரும்பாலான விலங்குகளில் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு குரோமோசோம் தொகுதிகள் இருக்கும். அது இருமடியம். இரண்டுக்கு மேல் இருந்தால் பன்மடியம், நான்கு என்றால் நான்மடியம். இந்தத் தவளையைப் போல வேற்றினத் தொகுதிகள் சேர்ந்து வந்ததை நம் பாடநூல்கள் அயல்பன்மடியம் என்கின்றன. ஒரே இனத்தின் தொகுதி பெருகினால் அது தன்பன்மடியம்.

தாவும் மரபணு என்று நாம் சொல்லும் டிரான்ஸ்போசான், ஜீனோமுக்குள் (ஓர் உயிரியின் மொத்த டி.என்.ஏ.வுக்குள்) இடம் மாறக்கூடிய டி.என்.ஏ. துண்டு. சில தம்மையே வெட்டி எடுத்து வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். சில ஆர்.என்.ஏ. நகல் எடுத்து, அதை மறுபடி டி.என்.ஏ.வாக்கிப் புது இடத்தில் நுழைக்கும். பழைய பிரதி இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த இரண்டு விஷயங்களையும் சேர்த்துப் பேசும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. வகுப்பிலும் சரி, இணையத்தில் பகிரப்படும் குறிப்புகளிலும் சரி, திரும்பத் திரும்ப வருபவை ஏறக்குறைய ஒரே தவறுகள்தான்.

சின்னதை முதலில் முடித்துவிடுவோம். கூடுதல் குரோமோசோம் வேறு, கூடுதல் குரோமோசோம் தொகுதி வேறு. டவுன் நோய்க்குறியில் 21ஆம் குரோமோசோம் மட்டும் ஒன்று கூடுதலாக இருந்து மொத்தம் 47 ஆகிறது. அது பன்மடியம் அல்ல. மனிதக் கருவில் முழுத் தொகுதியே ஒன்று கூடினால் 69 ஆகும். அப்படிப்பட்ட கருக்கள் பெரும்பாலும் கலைந்துவிடும். இதை வைத்து 'விலங்குகளில் பன்மடியமே கிடையாது' என்று முடிவு கட்டுவதும் தவறு. தவளைகள், மீன்கள், பல்லி போன்ற உருவமுள்ள நீர்நில வாழ்விகளான சாலமாண்டர்களிலெல்லாம் அது உண்டு. ஜெர்மனியில் மீன்தொட்டி வளர்ப்பவர்களிடம் 1990களில் தென்பட்ட பளிங்கு நண்டிறால் என்ற நன்னீர் உயிரி, மூன்று தொகுதிகளோடு, ஆணே இல்லாமல் பெருகுகிறது. நம் ஊர்க் குளங்களில் கட்லா, ரோகுவோடு சேர்த்து வளர்க்கும் சாதாக் கெண்டைக்கு 100 குரோமோசோம்கள், ரோகுவுக்கு 50. கெண்டையும் ஒரு பழைய கலப்பின் வாரிசுதான்.

அடுத்தது கொஞ்சம் பெரிய தவறு. ஜீனோம் பெரியது, குரோமோசோம் நிறைய, ஆகவே பன்மடியம் என்று நினைப்பது. இந்த இடத்தில் தேர்ந்தவர்களே தடுக்கியிருக்கிறார்கள். அர்ஜென்டினாவின் உப்புப் படிந்த வறண்ட நிலங்களில் சிவப்பு விஸ்காச்சா எலி என்றொரு சிறு பிராணி வாழ்கிறது. 102 குரோமோசோம்கள், பாலூட்டிகளுக்கு மிஞ்சிய அளவில் ஜீனோம். 1999இல் இதை நான்மடியப் பாலூட்டி என்று ஓர் ஆய்வு அறிவித்தது. கேட்கவே வியப்பான செய்தி என்பதால் வேகமாகப் பரவியது. ஆனால் 2005இல் குறிப்பிட்ட குரோமோசோமில் மட்டும் ஒட்டும் ஒளிரும் சாயங்களைப் பூசிப் பார்த்தபோது, ஒவ்வொரு சாயமும் ஒரே ஒரு இணையில்தான் ஒட்டியது. நான்மடியமாக இருந்தால் நான்கு குரோமோசோம்களில் ஒட்டியிருக்க வேண்டும். பிறகு 2017இல் வரிசைமுறையைப் படித்தபோது காரணமும் தெளிவானது: தொகுதி இரட்டிக்கவில்லை, திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. துண்டுகள்தான் பெருகியிருந்தன.

இதே பாடத்தை ஆக்சலாட்டல் என்ற சாலமாண்டர் வகை இன்னும் பளிச்சென்று காட்டும். மனித ஜீனோமில் சுமார் 300 கோடி கார இணைகள் (டி.என்.ஏ.வின் எழுத்துகள்) என்றால் ஆக்சலாட்டலுக்குச் சுமார் 3200 கோடி. பத்து மடங்கு! ஆனாலும் அது வெறும் 28 குரோமோசோம்கள் கொண்ட சாதாரண இருமடிய விலங்கு. அதன் ஜீனோமை ஊதிப் பெருக்கியதில் டிரான்ஸ்போசான்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு ஜீனோம் பெருக்க இரண்டு வழிகள் இருக்கின்றன: புத்தகம் முழுவதையும் இன்னொரு பிரதி எடுப்பது ஒன்று, ஒரே பக்கத்தையே ஆயிரக்கணக்கில் அச்சடித்து நடுநடுவே செருகுவது இன்னொன்று. எடையை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. மரபணுக்கள் எல்லாமே இரட்டையாக இருக்கின்றனவா என்று பார்த்தால்தான் முடியும்.

இதிலிருந்து ஒரு கணக்குப் பிழையும் பிறக்கிறது. நான்மடியத்தில் டிரான்ஸ்போசான் பிரதிகள் இருமடியத்தைவிட இரண்டு மடங்கு இருந்தால், அவை 'பெருகிவிட்டன' என்று எழுதிவிடுகிறார்கள். தொகுதி இரட்டித்தால் அதற்குள் இருப்பதெல்லாமும்தானே இரட்டிக்கும்? ஒரு தொகுதிக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்த பிறகும் மிச்சம் இருந்தால்தான் பெருக்கம் பற்றிப் பேசலாம்.

இனி, நான் மிகவும் கவலைப்படும் தவறு. 'ஜீனோம் இரட்டித்ததும் கட்டு அவிழ்ந்து டிரான்ஸ்போசான்கள் தாவத் தொடங்கிவிடும்' என்பதை ஒரு விதி போலச் சொல்வது. இதற்கு மதிப்பான ஒரு மூலம் இருக்கிறது. மக்காச்சோளத்தில் தாவும் மரபணுக்களைக் கண்டறிந்து 1983இல் நோபல் பரிசு பெற்ற பார்பரா மெக்லின்டாக், 'ஜீனோம் அதிர்ச்சி' என்ற கருத்தை முன்வைத்தார். எதிர்பாராத நெருக்கடி வந்தால் ஜீனோம் தன்னைத்தானே மாற்றியமைத்துக்கொள்ளும், இனக்கலப்பும் அப்படியொரு நெருக்கடி என்றார். ஆழமான சிந்தனை அது. ஆனால் அவர் விதி எதையும் எழுதி வைக்கவில்லை. அவருடைய சான்றுகள் முக்கியமாகச் செடிகளிலிருந்து வந்தவை. அதை அப்படியே தூக்கி மீனுக்கும் தவளைக்கும் பொருத்துவது நியாயமில்லை.

கலப்பையும் இரட்டிப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பழ ஈயில் பி என்ற டிரான்ஸ்போசான் உண்டு. அது இருக்கும் காட்டு ஆண் ஈயை, அது இல்லாத ஆய்வகப் பெண் ஈயோடு இணைத்தால் குஞ்சுகளின் இனப்பெருக்கச் செல்களில் அது கட்டுக்கடங்காமல் தாவும். பெற்றோரை மாற்றி இணைத்தால் தொல்லை இல்லை. ஏனென்றால் தாவலை அடக்கும் சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ.க்கள் தாயின் முட்டை வழியாகத்தான் வருகின்றன. அந்தத் தாய்க்கு அந்த டிரான்ஸ்போசானோடு பழக்கமே இல்லை என்றால் அடக்க ஆளில்லை. இதில் ஒரு தொகுதிகூடக் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். அறிமுகமில்லாத இருவரின் ஜீனோம் ஓர் உடலில் சேர்ந்ததால் வந்த விளைவு இது. அயல்பன்மடியத்தில் கலப்பும் இரட்டிப்பும் சேர்ந்தே நடப்பதால், எதன் விளைவு எது என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

சரி, இரட்டிப்புக்கு எந்தப் பங்கும் இல்லையா? இருக்கலாம், ஆனால் அது வேறு வேகத்தில் நடப்பது. ஒரு மரபணுவுக்குள் டிரான்ஸ்போசான் விழுந்து அதைக் கெடுத்தால், இருமடியத்தில் அது பெரிய இழப்பு. நான்மடியத்தில் மாற்றுப் பிரதிகள் இருப்பதால் உயிரி தாங்கிக்கொள்ளும். ஆகவே இயற்கைத் தேர்வின் பிடி தளர்ந்து, செருகல்கள் மெல்ல மெல்லச் சேரக்கூடும். முதல் தலைமுறையில் வெடித்துக் கிளம்புவதும் இலட்சக்கணக்கான ஆண்டுகளில் சேர்வதும் ஒன்றல்ல. ஒன்றுக்கான சான்றை மற்றதற்குக் காட்டக் கூடாது. சால்மன் குடும்பத்தின் முன்னோரில் ஏறக்குறைய 8 கோடி ஆண்டுகளுக்கு முன் ஜீனோம் முழுவதும் இரட்டித்தது. அட்லாண்டிக் சால்மனை ஆராய்ந்தவர்கள், அந்த இரட்டை ஜீனோம் மெதுவாக இருமடிய நடத்தைக்கு (குரோமோசோம்கள் இரண்டிரண்டாகவே இணைசேரும் நிலைக்கு) திரும்பிய காலத்தோடு டிரான்ஸ்போசான் பெருக்கம் ஒத்துப்போவதாக 2016இல் எழுதினார்கள். அதாவது இரட்டித்ததற்குப் பின்பு. ஆனால் நம் தவளையின் கதை வேறு மாதிரி.

அதைச் சொல்வதற்கு முன் பெயர் தரும் மயக்கம் ஒன்றைக் களைய வேண்டும். 'தாவும்' என்ற சொல்லால், ஜீனோமில் இருக்கும் டிரான்ஸ்போசான்கள் எல்லாம் இன்றைக்கும் தாவிக்கொண்டிருப்பதாகத் தோன்றிவிடுகிறது. பெரும்பாலானவை எப்போதோ செத்துப்போனவை. எழுத்துப் பிழைகள் சேர்ந்து, தாவுவதற்கான நொதியைச் செய்ய முடியாமல் கிடக்கும் எச்சங்கள். 1997இல் சால்மன் வகை மீன்களில் கிடந்த இப்படிப்பட்ட செத்த பிரதிகளை ஒப்பிட்டு, பிழைகளைத் திருத்தி, மறுபடி வேலை செய்யும் ஒன்றை ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். 'தூங்கும் அழகி' என்று பொருள்படும் ஸ்லீப்பிங் பியூட்டி என்பது அதன் பெயர். மனிதச் செல்களிலும் அது வேலை செய்தது.

செத்ததால் அவை குப்பை என்று ஒதுக்குவதுதான் கடைசித் தவறு. நகத் தவளையின் ஜீனோம் 2016இல் வெளியானபோது பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. 18 இணைக் குரோமோசோம்களில் எவை எந்த முன்னோரிடமிருந்து வந்தவை? ஒப்பிட்டுப் பார்க்க அந்த முன்னோர் இன்று நம்மிடம் இல்லை. எண்ணிக்கையும் ஏமாற்றும்: 10 இணை கொண்ட இருவர் சேர்ந்தால் 20 இணை வர வேண்டும், ஆனால் இருப்பது 18. ஏனென்றால் மேற்கு ஆப்பிரிக்கத் தவளையில் தனித்தனியாக இருக்கும் 9ஆம் குரோமோசோமும் 10ஆம் குரோமோசோமும் ஏற்கெனவே ஒன்றாக ஒட்டியிருந்த முன்னோர்கள் அவர்கள்.

விடை செத்த டிரான்ஸ்போசான்களில் இருந்தது. ஹார்பிஞ்சர், மரினர் என்ற டிரான்ஸ்போசான் குடும்பங்களைச் சேர்ந்த சில எச்சங்கள் குரோமோசோம்களில் ஒரு பாதியில் மட்டும் இருந்தன. வேறு சில மறுபாதியில் மட்டும் இருந்தன. கலப்புக்குப் பிறகு அவை தாவியிருந்தால் எல்லாக் குரோமோசோம்களிலும் சிதறியிருக்கும். ஆக, இரண்டு முன்னோரும் பிரிந்து தனித்தனியே வாழ்ந்த காலத்தில்தான் அவை பெருகியிருக்க வேண்டும். அந்தப் பிரிவு சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன், மறுபடி சேர்ந்தது 1.7 அல்லது 1.8 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று கணக்கிட்டார்கள். அந்த எச்சங்களோடு ஒட்டும் ஒளிரும் சாயத்தைப் பூசியபோது, நீளமான ஒன்பது இணைகள் ஒரு முன்னோரின் சொத்தாகவும், குட்டையான ஒன்பது இணைகள் மற்றவரின் சொத்தாகவும் நுண்ணோக்கியில் பிரிந்து தெரிந்தன.