பார்த்தது எந்த விமானம்? பதிவெண்ணில் தொடங்கிக் கதையை எழுதுவது வரை

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் தொடரிலுள்ள மோ பிளாங் மலையில் ஏர் இந்தியா விமானம் மோதிய கதையை யாராவது பகிர்ந்தால், "எந்த விமானம்?" என்று முதலில் கேளுங்கள். அங்கே மோதியவை இரண்டு. 1950 நவம்பர் 3 அன்று மோதியது 'மலபார் பிரின்சஸ்' என்ற லாக்ஹீட் கான்ஸ்டலேஷன். பதிவெண் விடி-சிக்யூபி, இறந்தவர்கள் 48 பேர். 1966 ஜனவரி 24 அன்று மோதியது 'கஞ்சன்ஜங்கா' என்ற போயிங் 707. பதிவெண் விடி-டிஎம்என், இறந்தவர்கள் 117 பேர். விஞ்ஞானி ஹோமி பாபா இருந்தது இரண்டாவதில். அந்த மலையின் பொசோன் பனியாறு இரண்டின் உடைசல்களையும் பல ஆண்டுகளாக மெல்லக் கீழே கொண்டுவருகிறது. அதனால் ஒன்றின் படத்துக்கு இன்னொன்றின் கதையை ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. பிரித்தறிவது கடினமில்லை. கான்ஸ்டலேஷனில் இருந்தது பிஸ்டன் என்ஜின், 707-இல் ஜெட் என்ஜின். சிலிண்டர் கிடைத்தால் அது 1950-இல் விழுந்த விமானத்துடையது. ஜெட் என்ஜினின் டர்பைன் தகடு கிடைத்தால் 1966. 2020-இல் பனியிலிருந்து வெளிவந்த இந்தியச் செய்தித்தாள்களில் இந்திரா காந்தி பிரதமரான செய்தி இருந்தது. அவை எந்த விமானத்தில் வந்தவை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

விமானக் கதை எதுவானாலும் எந்த விமானம், எந்த நாள், எந்த இடம் என்ற மூன்றும் உறுதியான பிறகுதான் எழுத வேண்டும்.

பதிவெண்ணைப் பிடிப்பது

பயணிகள் விமானத்தில் பதிவெண் இருக்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று: பின்பக்க உடலில் ஜன்னல் வரிசைக்கு அருகே, இடது இறக்கையின் அடியில், முன்சக்கரக் கதவில். சர்வதேச விதிப்படி இறக்கை அடியில் எழுத்தின் உயரம் குறைந்தது 50 செ.மீ., உடலில் 30 செ.மீ. ஆகவே தலைக்கு மேலே போகும் விமானத்தில் வாலைத் துழாவாதீர்கள், இடது இறக்கையைப் பாருங்கள். முன்சக்கரக் கதவில் பல நிறுவனங்கள் கடைசி இரண்டு மூன்று எழுத்துகளை மட்டும் எழுதும். இறங்கும்போது எதிரே நின்று எடுத்த படத்தில் அதுதான் கைகொடுக்கும்.

முதல் எழுத்துகள் நாட்டைக் காட்டும். விடி இந்தியா, 4ஆர் இலங்கை, 9வி சிங்கப்பூர், 9எம் மலேசியா, ஏ6 ஐக்கிய அரபு அமீரகம், ஏ7 கத்தார், என் அமெரிக்கா. 'விடி' என்றால் வைஸ்ராயின் பிரதேசம் என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. அது சரியல்ல. 'விடி' வானொலி அழைப்புக் குறிப் பட்டியலிலிருந்து வந்த எழுத்து. அந்தப் பட்டியலில் ஆஸ்திரேலியாவின் விஎச், கனடாவின் விஏ எல்லாமே 'வி'யில்தான் தொடங்குகின்றன.

வண்ணத்தை வைத்து நிறுவனத்தை முடிவு செய்யாதீர்கள். டெல்லி–இஸ்தான்புல் தடத்தில் இண்டிகோ எண்ணில் பறந்த 777 விமானங்கள் துருக்கி நிறுவனத்திடமிருந்து குத்தகைக்கு வந்தவை. அவற்றின் பதிவெண் டிசி-யில் தொடங்கும்.

பதிவெண் நிரந்தரமல்ல. விமானம் வேறு நாட்டுப் பதிவுக்குப் போனால் மாறும். மாறாதது தொழிற்சாலை கொடுத்த தயாரிப்பு வரிசை எண். ஒரு விமானம் 20 ஆண்டில் நான்கு நாடுகளில் நான்கு பதிவெண்ணோடு பறந்திருக்கலாம். அமெரிக்காவிலோ, ஒரே 'என்' எண் ஒரு விமானத்திடமிருந்து விடுபட்டு இன்னொன்றுக்குப் போகும். ஆகவே வரலாறு எழுதும்போது பதிவெண், தயாரிப்பு எண், தேதி மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். பதிவெண்ணை மட்டும் தேடி, அதே எண்ணை முன்பு வைத்திருந்த வேறொரு விமானத்தின் விபத்தை இதன் தலையில் கட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

எண் தெரியாவிட்டால் வடிவம்

இந்திய வானில் அதிகம் குழப்புவது ஏர்பஸ் ஏ320-ம் போயிங் 737-ம். இரண்டுக்கும் கீழே இரண்டு என்ஜின், ஏறக்குறைய ஒரே அளவு. தலைக்கு மேலே போகும்போது வயிற்றைப் பாருங்கள். சக்கரத்தை மடக்கிய பிறகும் நடுவில் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரிந்தால் அது 737. அதன் பிரதான சக்கரங்களுக்கு முழுக் கதவு கிடையாது. வெளிப்புற டயரின் பக்கம் அப்படியே தெரியும். ஏ320-இல் கதவு முழுக்க மூடிக்கொள்ளும். பக்கவாட்டில் பார்த்தால், 737-இன் வால் உடலோடு சேரும் இடத்தில் ஒரு முக்கோணச் சரிவு முன்னோக்கி நீண்டிருக்கும். ஏ320-இன் வால் நேராக எழும். 737-இன் மூக்கு கூர்மை, ஏ320-இன் மூக்கு உருண்டை.

737-இன் என்ஜின் உறை அடியில் தட்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒல்லியான என்ஜினுக்காகத் தரைக்கு நெருக்கமாக வடிவமைத்த விமானம் அது. பிறகு 1980-களில் பெரிய என்ஜினைப் பொருத்தியபோது தரையோடு உரசாமலிருக்க, அடியில் இருந்த துணைக் கருவிகளைப் பக்கவாட்டுக்கு நகர்த்தினார்கள். மேக்ஸ் வகையில் உறையின் பின்விளிம்பு ரம்பப் பல் போல இருக்கும், இறக்கை நுனி மேலும் கீழுமாக இரண்டாகப் பிரியும்.

பெரிய விமானங்களில் 787-க்கும் என்ஜின் பின்விளிம்பு ரம்பம்தான். இறக்கை நுனி செங்குத்தாக எழாமல் பின்னோக்கி வளைந்து ஓடும். விமானி ஜன்னலைச் சுற்றிக் கறுப்பு முகமூடி போட்டது ஏ350. 777-க்குப் பக்கத்துக்கு ஆறு சக்கரம், வால் முனை தட்டையான திருப்புளி போல. ஏடிஆர் 72, கியூ400 இரண்டுமே மேல் இறக்கை கொண்ட, முன்னால் விசிறி சுழலும் டர்போபிராப் விமானங்கள்: சக்கரம் வயிற்றுப் பக்கத்திலிருந்து வந்தால் ஏடிஆர், என்ஜினுக்குக் கீழிருந்து நீளக் காலோடு வந்தால் கியூ400.

சாம்பல் நிறத்தில் பயணிகள் ஜன்னல் வரிசை இல்லாத '737' ஒன்று தெரிந்தால் அது கடற்படையின் பி-8ஐ. இறக்கை நுனி மடிப்பு இருக்காது, பின்னால் சரிந்திருக்கும். இந்திய வகைக்கு வால் முனையில் நீர்மூழ்கியின் காந்தத் தடத்தை உணரும் குச்சி நீண்டிருக்கும்.

போர் விமானங்களில் தேஜஸையும் மிராஜ் 2000-ஐயும் மாற்றிச் சொல்பவர்கள் பலர். இரண்டுக்கும் ஒற்றை என்ஜின், ஒற்றை வால், முக்கோண இறக்கை, பின்னால் கிடைமட்ட வால் கிடையாது. இறக்கையின் முன்விளிம்பைக் கவனியுங்கள். மிராஜில் உடலிலிருந்து நுனி வரை ஒரே கோடு. தேஜஸில் உடலோரம் சரிவு குறைவு, சற்றுத் தள்ளி ஒரு முறிவு, அதன்பின் சரிவு கூடுகிறது. மிராஜின் இறக்கை உடலின் கீழ்ப்பாதியில். தேஜஸின் இறக்கை தோளில், காற்று உறிஞ்சும் வாய் அதன் அடியில் ஒதுங்கியிருக்கும். ரஃபேலில் விமானி அறைக்குப் பக்கத்தில் சின்ன முன்னிறக்கை உண்டு, மூக்கின் வலப்பக்கம் மடங்காத எரிபொருள் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். முன்னிறக்கையும் இரட்டை வாலும் சேர்ந்தால் சுகோய்-30எம்கேஐ. இரட்டை வால் இருந்து முன்னிறக்கை இல்லாவிட்டால் மிக்-29.

சரக்கு விமானங்களில் இறக்கைக்கு மேலே என்ஜின் ஏறி உட்கார்ந்திருப்பது ஏஎன்-32. நான்கு ஜெட் என்ஜினும் டி வடிவ வாலும் உள்ளவை இரண்டு: இறக்கை நுனி மேலே மடிந்திருந்தால் சி-17, மடியாமல் மூக்கின் அடியில் கண்ணாடி இருந்தால் ஐஎல்-76.

விமானப்படை எண்ணின் முன்னெழுத்துகளும் வகையைச் சொல்லும். ஜேஎஸ் ஒற்றை இருக்கை ஜாகுவார், ஜேடி இரட்டை இருக்கை; கேஎஃப், கேடி மிராஜ்; எஸ்பி சுகோய்-30; சிபி சி-17; கேசி சி-130ஜே. ரஃபேலில் ஒற்றை இருக்கைக்கு பிஎஸ், இரட்டைக்கு ஆர்பி. அவை விமானப்படைத் தளபதிகளாக இருந்த பி.எஸ். தனோவா, ஆர்.கே.எஸ். பதௌரியா இருவரின் பெயரெழுத்துகள். கடற்படை எண் ஐஎன் என்று தொடங்கும்.

படம் எடுக்கும்போது

ஜெட்டுக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி அல்லது அதைவிட வேகம். டர்போபிராப்புக்கு அதே வேகம் வைத்தால் விசிறி உறைந்து, நின்றுபோன என்ஜின் மாதிரி தெரியும்; 1/250-க்கு இறங்குங்கள். ஹெலிகாப்டருக்கு இன்னும் கீழே, 1/125. வெயில் ஏறியதும் தார்ப்பரப்புக்கு மேல் காற்று நெளியும், தூரத்துப் படத்தில் எழுத்துகள் உருகி 8-ம் பி-யும் ஒன்றாகிவிடும். இது லென்ஸின் குறை அல்ல, விலை உயர்ந்த லென்ஸாலும் தீராது. காலை ஒன்பதுக்குள் எடுங்கள், அல்லது நெருங்குங்கள்.

விமானம் காற்றை எதிர்த்தே இறங்கும். சென்னையின் பிரதான ஓடுபாதை 07-25; ஒரே பாதையை எந்தத் திசை நோக்கிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை இந்த எண்கள் காட்டும். கிழக்கிலிருந்து கடல்காற்று வீசினால் மேற்கிலிருந்து வந்து 07-இல் இறங்கும், மேற்கிலிருந்து காற்று வீசினால் நகரத்துக்கு மேலாக வந்து 25-இல். காற்றின் திசையைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் வீண் அலைச்சல் இல்லை.

கேமரா கடிகாரத்தைச் சரிபாருங்கள். தடங்காட்டும் தளங்கள் பல உலக நேரத்தில் காட்டும். இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். நம் கணக்கில் 12-ஆம் தேதி அதிகாலை 2.30-க்கு இறங்கிய விமானம் அங்கே 11-ஆம் தேதி 21.00 என்று இருக்கும். தேதி ஒரு நாள் தவறிப் பதிவாவது பெரும்பாலும் இதனால்தான். விமானங்கள் அனுப்பும் சமிக்ஞையைப் பிடிக்கும் 1090 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு: விமானம் அனுப்பும் ஆறிலக்கக் குறி 80, 81, 82, 83 எனத் தொடங்கினால் இந்தியப் பதிவு. படை விமானங்கள் பல தங்கள் இடத்தை அனுப்புவதில்லை. திரையில் இல்லை என்பதால் வானில் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

பழைய படத்தின் வயது

தாத்தாவின் பெட்டியிலிருந்து வந்த படத்துக்குத் தேதி இருக்காது. முதலில் படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லைடைத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்தால் எழுத்து கண்ணாடியில் தெரிவது போல மாறும். எழுத்தே தெரியாத பயணிகள் விமானமென்றால், பயணிகள் ஏறும் கதவு இடப்பக்கம் என்பதை நினைவில் வையுங்கள். விமானப்படையின் வட்டச் சின்னம் இரு பக்கமும் ஒன்றுபோல் என்பதால் இதற்கு உதவாது. ஆனால் காலத்தைச் சொல்லும். இரண்டாம் உலகப்போரில் இந்தப் பகுதியில் சின்னத்தின் நடுச் சிவப்பை நீக்கினார்கள், ஜப்பானியச் சூரியனோடு குழம்பாமலிருக்க. விடுதலைக்குப் பின் சில காலம் அசோகச் சக்கரம், 1950-இல் மூவண்ண வட்டம்.

நிறுவனப் பெயர் இருந்தால் வேலை சுலபம். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-இல், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். விஸ்தாரா 2024 நவம்பர் 12-இல் ஏர் இந்தியாவோடு இணைந்தது. படம் அதற்கு முந்தையதாகத்தான் இருக்க முடியும். ஆனால் நிறுத்திவைத்த விமானத்தில் பழைய வண்ணம் பல ஆண்டு கிடக்கும். ஆகவே பறக்கும் படத்துக்கு மட்டுமே இந்தக் கணக்கு. விஸ்தாரா வண்ணம் இணைப்புக்குப் பின்னும் பறந்ததால் அதற்கு இது பொருந்தாது.

பகிரக் கூடாதது

2001 நவம்பரில் கிரீஸின் கலமாட்டாவில் விமானக் கண்காட்சிக்குப் போன 12 பிரித்தானியரும் 2 டச்சுக்காரரும் உளவு பார்த்ததாகக் கைதானார்கள். அவர்கள் கையில் இருந்தவை எண்கள் குறித்த நோட்டுப் புத்தகங்கள். மேல்முறையீட்டில் விடுதலையாக ஓராண்டு ஆனது. இந்தியாவில் 1923-ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே விமானப்படைத் தளத்தின் வேலிக்கருகில் கேமராவோடு நிற்காதீர்கள். பெங்களூரு ஏரோ இந்தியா, மெரினா சாகசம் போன்ற பொது நிகழ்ச்சிகளில் எடுத்த படங்கள் போதும், அவையே நிறைய இருக்கின்றன. படை விமானம் இப்போது எங்கே நிற்கிறது, எத்தனை போயின என்று எழுதாதீர்கள். ஓய்வுபெற்ற விமானி சொன்ன கதையானாலும் அவர் அனுமதி வாங்கி, சம்பவத்தின் ஆண்டைக் கேட்டு, அந்த ஆண்டில் அந்த விமானம் அந்த ஸ்குவாட்ரனில் இருந்ததா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். மிக்-21 கதை என்றால் எந்த வகை என்பதும் வேண்டும்; 1963 முதல் 2025 செப்டம்பர் 26 வரை பறந்த விமானத்தில் எஃப்எல்-உம் பைசனும் வேறு வேறு.

குறிப்பு எழுதும்போது தேதி, இந்திய நேரம், இடம், வகை, எண், நிறுவனம் அல்லது படை, போன திசை என்ற வரிசையில் எழுதுங்கள். படக்கோப்பின் பெயரையும் 2024-10-06 போல ஆண்டில் தொடங்கிப் போட்டால் தானே வரிசையாகும். எழுத்து ஒன்று தெரியவில்லை என்றால் ஊகித்து நிரப்பாமல் கேள்விக்குறி போடுங்கள்: ஜேஎஸ்1?4. அதே நாளில் அதே இடத்தில் நின்ற இன்னொருவரின் படத்தில் அந்த இலக்கம் தெளிவாக இருக்கும், அவர் வந்து நிரப்புவார். நீங்கள் ஊகித்து 3 என்று எழுதிவிட்டால் அவர் தேடும்போது உங்கள் படம் கண்ணிலேயே படாது.