ஊர் கபடி டீமை வச்சு பசங்கள ஸ்கூலுக்குப் போக வைக்கிறது எப்படி

ஊர்ல கபடி டீம் நடத்துறவங்க, இளைஞர் மன்றம் வச்சிருக்கவங்க, லீவுல ஊருக்கு வந்தா பசங்களுக்கு ரைடு சொல்லிக்குடுக்கிற அண்ணன்மாருக்காகத்தான் இத எழுதுறேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு டாண்ணு கிரவுண்டுல நிப்பான், காலைல ஸ்கூலுக்குக் கெளம்புடான்னா வயித்து வலி தலைவலின்னு ஆரம்பிப்பான், இப்படி ரெண்டு பேராவது இல்லாத டீமே கெடையாது. வாத்தியார் திட்டியும் போகாதவன், அப்பா அடிச்சும் போகாதவன், டீம்ல இருக்க அண்ணன் ஒரு வார்த்த சொன்னா யோசிப்பான், நம்ம கையில இருக்கறது அது ஒண்ணுதான்.

எல்லாரும் மொதல்ல போடுற ரூல் "ஸ்கூலுக்குப் போகலன்னா கிரவுண்டு பக்கமே வராத". கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா இத நான் ஒத்துக்க மாட்டேன். ஸ்கூல விட்டு நழுவிட்டு இருக்கவனுக்கு ஊரோட ஒட்டிக்கிட்டு இருக்கற கடைசி எடமே கிரவுண்டுதான், அங்கிருந்தும் தொரத்துனா அடுத்த வாரம் கேட்டரிங் வேலைக்கோ சென்ட்ரிங் வேலைக்கோ எவனாவது கூட்டிட்டுப் போயிருவான், கையில ஐநூறு ரூபா பாத்துட்டான்னா அப்புறம் திரும்பக் கொண்டுவர்றது ரொம்பக் கஷ்டம். அதனால ரூல இப்படி வைங்க: அன்னைக்கு ஸ்கூலுக்குப் போகலன்னாலும் கிரவுண்டுக்கு வரணும், வார்ம்-அப் பண்ணணும், கோடு போடணும், தண்ணி கொண்டாரணும், ஆனா கோர்ட்டுக்குள்ள எறங்கக் கூடாது. அந்த வாரம் மேட்ச் இருந்தா ஏழு பேர்ல அவன் பேரு இருக்காது. இது நல்லா ஆடுறவனுக்கும் ஒண்ணுதான், உங்க மெயின் ரைடர உக்கார வச்சு ஒரு மேட்ச் தோத்தா கூட பரவால்ல, அன்னைக்குத்தான் மத்த பசங்க இந்த ரூல நம்புவானுங்க.

சரி, அவன் போகலன்னு எப்படித் தெரியும்? அவனக் கேட்டா போனேன்னுதான் சொல்லுவான். ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரப் பிடிங்க, அவருக்கு நம்ம பசங்க தேவை, நமக்கு அவரு தேவை. காலைல வருகைப்பதிவு எடுத்ததும் நம்ம பசங்கள்ல யாரு வரலன்னு ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்க, அவ்வளவுதான், தனியா ரிப்போர்ட் எதுவும் வேணாம். பள்ளி மேலாண்மைக் குழுவுல இப்ப முன்னாள் மாணவர்களுக்கும் எடம் இருக்கு, மன்றத்துல ஒருத்தர் அதுல உள்ள போயிட்டா ஹெச்.எம். கிட்ட பேசறது சுலபமாயிரும். பேர் வந்த அன்னைக்கே சாயங்காலம் விசாரிங்க, ஒரு வாரம் விட்டுட்டுக் கேட்டா அவனுக்கே காரணம் மறந்திருக்கும்.

கேக்கறதும் ஒரு விதம் இருக்கு. எல்லார் முன்னாடியும் "ஏன்டா போகல"ன்னா "ஒடம்பு சரியில்லண்ணே"ம்பான், சொல்லிட்டே போனஸ் லைன் வரைக்கும் ஓடுவான். பிராக்டீஸ் முடிஞ்சு சைக்கிளத் தள்ளிட்டு கூட நடங்க, அப்பத்தான் விஷயம் வெளிய வரும். அம்மா நூறு நாள் வேலைக்குப் போனதால தங்கச்சியப் பாத்துக்கணும்னு இருப்பான், பேன்ட் கிழிஞ்சு போச்சு கலர் டிரஸ்ல போனா வெளிய நிக்க வைப்பாங்கன்னு இருப்பான், நெறைய பேரு விஷயத்துல ஒம்பதாவது வந்தும் தமிழ் புக்க எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், வகுப்புல எழுப்பிப் படிக்கச் சொல்லிருவாங்களோங்கற பயம். பேன்ட் பிரச்சனைய மன்றமே அன்னைக்கே முடிச்சிரலாம். படிக்க வராதவனுக்கு பிராக்டீஸ் முடிஞ்ச அப்புறம் டீம்லயே காலேஜ் படிக்கிற ஒருத்தர் அரை மணி நேரம் உக்காந்தா போதும், ட்யூஷன்னு பேரு வைக்காதீங்க, ஓடிருவான். மேட்ச் நோட்டீச வாசிக்கச் சொல்லி ஆரம்பிங்க.

அடுத்தது நம்ம பக்கத் தப்பு, இத யாரும் பேச மாட்டாங்க. ராத்திரி டோர்னமென்ட். ஃப்ளட் லைட் போட்டு எடை பாத்து டோக்கன் குடுத்து மொத மேட்ச் ஆரம்பிக்கவே பத்து மணி ஆகும், ஃபைனல் விடியக்காலம் நடக்கும், ஞாயித்துக்கெழம ராத்திரி நடந்தா திங்கக்கெழம பாதி டீம் ஸ்கூலுக்கு லீவு. நீங்க நடத்துறதா இருந்தா சனிக்கெழம வைங்க, பசங்க ஆடுற 55 கிலோ பிரிவ பகல்லயே முடிச்சிருங்க. வேற ஊர் டோர்னமென்ட்டுக்குக் கூப்ட்டா மறுநாள் ஸ்கூல் இருக்கற ராத்திரிக்குப் பசங்கள அனுப்பாதீங்க, சுழற்கோப்பை அடுத்த வருசமும் சுழலும்.

காலைல பிராக்டீஸ் வைக்கறவங்க ஆறு மணிக்கு ஆரம்பிச்சு ஏழுக்கெல்லாம் விட்ருங்க, குளிச்சு சாப்ட்டுப் போகணும். மொளகட்டின பயறு, வேர்க்கடலை, வாழப்பழம் ஏதாவது குடுங்க, வெறும் வயித்துல ஓடிட்டு கிளாஸ்ல தூங்குனா வாத்தியார் நம்ம மேலதான் பழி போடுவாரு, அதுவும் நியாயம்தான்.

பொண்ணுங்க டீம் இருந்தா கணக்கே வேற. பசங்க விளையாட்டால ஸ்கூலுக்குப் போவாங்க, பொண்ணுங்கள ஸ்கூல விட்டு நிறுத்துறப்பவே விளையாட்டும் சேந்து நின்னுரும், பெரும்பாலும் வயசுக்கு வந்த கையோட. அதனால இங்க பேச வேண்டியது பொண்ணு கிட்ட இல்ல, அம்மா, பாட்டி, தாய்மாமா கிட்ட. இருட்டறதுக்குள்ள பிராக்டீஸ முடிங்க, கூட ஒரு அக்கா இருக்கணும், ட்ராக் பேன்ட்டோட ஆட விடுங்க, வீடு வரைக்கும் கூட்டமா அனுப்புங்க. சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் போட்டில இந்தியா டீம்ல ஆடி தங்கம் ஜெயிச்சது எல்லா வீட்டு டிவிலயும் வந்துச்சு, நீங்க அரை மணி நேரம் பேசறத அந்த ஒரு போட்டோ பேசிரும்.

இன்னொரு விஷயம், தெருவுக்கு ஒரு டீம்னு இருந்தா அது எதுக்குன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். பிராக்டீஸ ஸ்கூல் கிரவுண்டுல வைங்க, ரெண்டு தெருப் பசங்களையும் கலந்து பிரிங்க. கோயில் பக்கத்து எடத்துல வச்சா சில பசங்க வரவே மாட்டாங்க, ஏன்னும் சொல்ல மாட்டாங்க.

படிச்சு என்னண்ணே ஆகப்போகுதும்பானுங்க. இதுக்கு பொத்தாம் பொதுவா பேசாம நேரா சொல்லுங்க. குறுவட்டப் போட்டி, மாவட்டம், மாநிலம்னு போகணும்னா ஸ்கூல் ரோல்ல பேரு இருக்கணும், 14, 17, 19 வயசுப் பிரிவுல ஹெச்.எம். கையெழுத்து இல்லாம எறங்க முடியாது. தமிழ்நாடு அரசு வேலைல 3 சதவீதம் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கு, போலீஸ் கான்ஸ்டபிள் செலக்ஷன்ல 10 சதவீதம், ஆனா கான்ஸ்டபிளுக்கே பத்தாவது பாஸ் பண்ணிருக்கணும். நம்ம ஊர்லயே நல்லா ஆடிட்டு பத்தாவது முடிக்காம லோடு ஏத்தறவர் ஒருத்தராவது இருப்பாரு, அவரே வந்து பேசட்டும். அதே சமயம் எல்லாரும் புரோ கபடி போயிருவீங்கன்னு மட்டும் ஆசை காட்டாதீங்க, போறவன் லட்சத்துல ஒருத்தன்.

ஏற்கனவே நின்னு போனவன் இருந்தா 14 வயசுக்குள்ளன்னா டி.சி. லேட்டாகுதுன்னு எந்த ஸ்கூலும் திருப்பி அனுப்ப முடியாது, கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு, கூட ஒருத்தர் போய் சேத்து விடுங்க. பரீட்சை நேரத்துல பிராக்டீஸ நிறுத்தாதீங்க, அரை மணியாக் கொறைங்க. பத்தாவது ரிசல்ட்ல ஃபெயில் ஆனவன் அன்னைக்கு சாயங்காலம் கிரவுண்டுக்கு வர மாட்டான், நீங்கதான் அவன் வீட்டுக்குப் போகணும், அந்த வாரத்துக்குள்ளயே துணைத்தேர்வுக்கு ஸ்கூல்ல அப்ளை பண்ண வச்சு ஃபீஸ மன்றக் கணக்குல கட்டிருங்க.