கடலோர ஊருக்கு வரலாறு எழுதக் கிணற்றில் தொடங்குங்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் ஊர் எப்படி உண்டானது என்று கேட்டால், சேதுபதி ராஜா கொடுத்த இடம் என்பார்கள், அல்லது கப்பலில் வந்த பெரியவர் இறங்கிய இடம் என்பார்கள். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் தேட வேண்டியது பழைய நல்லதண்ணிக் கிணற்றை. இந்த மணலில் மழைநீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய அடுக்காகத்தான் நிற்கும். ஆழமாகத் தோண்டினால் உவர்ப்பு ஏறிவிடும். அதனால் ஆழமில்லாத ஊற்றும், படகை ஏற்றிவைக்கத் தோதான கரையும் சேர்ந்த இடத்தில்தான் முதல் குடிசைகள் வந்திருக்கும். கிணறு, ஊருணி, கோயில், பள்ளிவாசல், மாதா கோயில், இடுகாடு எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைந்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எத்தனை அடி என்று எழுதுங்கள். பழைய ஊர் எந்தப் பக்கம் இருந்தது என்பது பெரும்பாலும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது காற்று. மண்டபம், பாம்பன் பக்கம் வடகடலும் (பாக் விரிகுடா) தென்கடலும் (மன்னார் வளைகுடா) அருகருகே கிடக்கின்றன. வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், மீன்பிடித் தொழில் தென்கடலுக்குப் போகும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடித்தால் திரும்பி வடகடலுக்கு வரும். இப்படி மாறி மாறி வாடி (மீனவர் தற்காலிகமாகத் தங்கும் கொட்டகை) போட்ட இடங்களும் ஊராகியிருக்கின்றன. ஆகவே "ஊர் எப்போது வந்தது?" என்று கேட்டால் பயனில்லை. "காற்று மாறின பிறகும் பெண்டு பிள்ளைகளோட இங்கேயே தங்கினது யார் காலத்துல?" என்று கேளுங்கள். தாத்தா பெயரோடு பதில் வரும்.

வயதானவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள். 1914-இல் பாம்பன் ரயில் பாலம், 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல், 1988-இல் பாம்பன் சாலைப் பாலம்: இந்த மூன்றுக்கும் முன்னா பின்னா என்று கேளுங்கள். வெறுமனே "புயல்" என்றால் எந்தப் புயல் என்பதை உறுதிசெய்யுங்கள். இந்தக் கரை பல புயல்களைப் பார்த்தது.

கல்லில் உள்ள ஆண்டுதான் அதிகம் ஏமாற்றும். "குரோதி வருஷம்" என்று மட்டும் இருந்தால் அது 1904 ஆகலாம், 1964 ஆகலாம். தமிழ் வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். கட்டு சுண்ணாம்பா சிமெண்டா, பெயரில் உள்ளவர் எத்தனையாவது தலைமுறை என்று பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். கல்லில் சக ஆண்டு (சகாப்தம்) இருந்தால், ஆங்கில ஆண்டு தெரிய அதோடு 78 கூட்டுங்கள்; தை முதல் பங்குனி வரை என்றால் 79. ஹிஜ்ரி ஆண்டோடு நேராக 622 கூட்டுவது பெரிய பிழை, ஏனென்றால் அது நிலவாண்டு, 354 நாள்தான். 0.97-ஆல் பெருக்கிவிட்டு 622 கூட்டுங்கள். ஹிஜ்ரி 1300 என்பது 1883-ஐ ஒட்டி வரும், 1922 அல்ல.

எழுத்து மங்கியிருந்தால் சுண்ணாம்பைச் சுரண்டவோ சாக்பீஸ் தேய்க்கவோ வேண்டாம். உப்புக்காற்றில் அரித்த கல் பொரிந்து எழுத்தோடு உதிரும். இருட்டியபின் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்து, நான்கு பக்கமும் மாற்றி மாற்றிப் படமெடுத்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். அளவு தெரிய ஓர் அடிக்கோலையும் பக்கத்தில் வையுங்கள்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடும்போது, ராமநாதபுரம் மாவட்டம் 1910-இல்தான் உருவானது என்பதை மறக்கக் கூடாது. அதற்கு முந்தைய கோப்புகளை மதுரை மாவட்டத்தில் தேட வேண்டும். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்தபின் எழுதிய செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) பதிவேட்டில் ஊருணி, பாதை, இடுகாட்டுப் புறம்போக்குகளைச் சர்வே எண்ணோடு பார்க்கலாம். உங்கள் வரைபடத்தோடு ஒத்துப்பாருங்கள்.

பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகளும் அழகன்குளத்தில் ரோமானியக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. உங்கள் ஊர் மணலிலும் ஓடு கிடக்கலாம், தோண்டாதீர்கள். ஓடு எந்த மண் அடுக்கில் இருந்தது என்ற சான்று போனால் அது வெறும் ஓடுதான். இடத்தைக் குறித்து, படமெடுத்து, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

எழுதும்போது மேலத்தெரு சொன்னதும் கீழத்தெரு சொன்னதும் முரண்பட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், யார் சொன்னது என்ற குறிப்போடு. அச்சுக்குக் கொடுக்குமுன் ஊர்க் கூட்டத்தில் முழுவதையும் உரக்கப் படியுங்கள். விடுபட்ட தெருக்காரர்கள் அங்கேயே எழுந்து சொல்வார்கள்.