பழைய சுவரிலிருந்து ஓர் அரூப ஓவியம் வரைவது எப்படி

பெயிண்ட் உரிந்த கதவு, துருவேறிய தகரம், ஈரம் ஏறி உப்புப் பூத்த சுவர். இதையெல்லாம் பார்த்து மயங்கி எந்தப் பொருளின் உருவமும் இல்லாத அரூப ஓவியம் வரைய உட்காருகிறவர்கள் முதலில் செய்வது, அந்தக் கறையை அப்படியே நகல் எடுப்பது. நானும் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். ஒவ்வொரு வெடிப்பையும் மெல்லிய பிரஷ்ஷால் இழுத்து இழுத்து வரைவேன், கடைசியில் அது வெறும் கோடாகத்தான் நிற்கும். வெடிப்பு என்பது கோடு இல்லை, ஒரு படலம் காய்ந்து சுருங்கியதால் வந்தது. சுவருக்கு என்னென்ன நடந்தது, எது முதலில் நடந்தது என்று கண்டுபிடித்து, அதையே கேன்வாஸுக்கும் செய்ய வேண்டும். இது பிடிபட்ட பிறகுதான் என் படங்களுக்கு உயிர் வந்தது.

முதலில் பார்க்கப் பழகுங்கள். ஓர் அட்டையில் ஐந்து சென்டிமீட்டருக்குச் சதுரமாக ஓட்டை வெட்டி, சுவரின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போங்கள். இது சுவர், இது கதவு என்று சொல்ல முடியாமல் போகிற இடத்தில் நிறுத்தி, போட்டோ எடுங்கள். உச்சி வெயில் வேண்டாம், மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகிவிடும். காலை, மாலைச் சாய்வெயிலில் ஒரு மயிரிழை மேடுகூட நிழல் போடும். இரவில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தாலும் அதே பலன்தான். கறை படிந்த சுவர்களை உற்றுப் பார்க்கச் சொன்னவர் லியனார்டோ டாவின்சி, ஆனால் அவர் அதில் மலைகளையும் போர்க்களங்களையும் தேடச் சொன்னார். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்வேன்: உருவம் தெரிய ஆரம்பித்தால் அட்டையை நகர்த்திவிடுங்கள்.

ஒரே ஒரு திருகாணியைக் கிட்டே போய்ப் பாருங்கள், பெயிண்ட் அடித்த இரும்புக் கதவில் இருப்பது போதும். தலையைச் சுற்றிக் கரும்பழுப்பு, அதை ஒட்டிச் செம்பழுப்பு, ஓரத்தில் புதுத் துருவின் ஆரஞ்சு, அங்கிருந்து மழைநீர் இழுத்துக்கொண்டு போன ஒரு நீளக் கறை, கீழே போகப்போக மெலிந்து, சின்ன மேடு குறுக்கிட்ட இடத்தில் இரண்டாகப் பிரிந்திருக்கும். இரும்பைவிடத் துரு அதிக இடம் பிடிக்கும், அதனால்தான் பெயிண்ட் கொப்புளித்து உடைகிறது. உடைந்த அந்த விளிம்பில், மேல் நிறமும் அடி நிறமும் சந்திக்கும் இடத்தில்தான் அழகு முழுவதும் இருக்கிறது. நடுவில் தேடாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கேன்வாஸைவிடப் பலகை நல்லது, சுரண்டினால் தாங்கும். சுவரில் கடைசியாகத் தெரியும் அடி நிறத்தை முதலில் அடித்துக் காய விடுங்கள். எங்கெல்லாம் உரிய வேண்டுமோ அங்கே மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு, மேலே அடுத்த நிறத்தில் அக்ரிலிக், அதாவது தண்ணீரில் கலக்கும், சீக்கிரம் காயும் பெயிண்ட். காய்ந்ததும் தட்டையான கத்தியால் சுரண்டினால் மெழுகு இருந்த இடம் மட்டும் செதில் செதிலாக வரும். இப்படி மூன்று நான்கு அடுக்கு ஏற்றுங்கள். வெடிப்பு வேண்டுமானால், காய்ந்த அடி நிறத்தின் மேல் மர வேலைக்கான வெள்ளைப் பசையைத் தடிமனாகப் பூசி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேல் நிறத்தை ஒரே இழுப்பில் அடித்துவிடுங்கள். மேல் படலம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், அடியில் பசை இன்னும் இளகியே இருக்கும், அதனால் படலம் பிளந்துகொள்ளும். பசை தடிமனாக இருந்தால் பிளவும் பெரிதாக வரும். அதே இடத்தில் இரண்டாவது முறை பிரஷ் வைக்காதீர்கள், எல்லாம் குழம்பிவிடும்.

மணலும் பளிங்குத் தூளும் கலந்து சுவர் போலவே கனத்த படங்களைச் செய்தவர் ஸ்பெயினின் ஆன்டோனி தாப்பியெஸ் (1923–2012). அவர் குடும்பப் பெயருக்கே கட்டலான் மொழியில் சுவர்கள் என்று பொருள்! நீங்களும் சலித்த மணலை அக்ரிலிக் மீடியத்தில் (நிறம் சேர்க்காத அக்ரிலிக் கூழ்) குழைத்துப் பூசலாம், ஆனால் படம் முழுக்க வேண்டாம். சொரசொரப்புக்குப் பக்கத்தில் வழவழப்பு இருந்தால்தான் இரண்டுமே தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பழைய கட்டடங்களில் உரியும் பெயிண்டைச் சுரண்டி எடுத்து வராதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம். தொடாமல் போட்டோ எடுத்தால் போதும். உங்கள் பலகையைத் தேய்க்கும்போதும் வாட்டர் பேப்பரை (தண்ணீர் தாங்கும் உப்புத்தாள்) நனைத்துத் தேயுங்கள், தூசி பறக்காது.

எப்போது நிறுத்துவது என்பதுதான் எனக்கு இன்னமும் கஷ்டம். பலகை முழுக்கச் சமமாகச் சுரண்டினால் பழமை வராது, அழுக்குதான் வரும். பாதிக்கு மேல் இடத்தைச் சும்மா விடுங்கள். அப்புறம், எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் அடித்தீர்கள், எதில் மெழுகு, எதில் பசை என்று பலகையின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். நன்றாக வந்த ஒரு மூலையைத் திரும்பக் கொண்டுவர அந்த நான்கு வரி இல்லாமல் நான் மாதக்கணக்கில் தவித்திருக்கிறேன்.