தட்டுவடை செட்: எண்ணெயைப் பார்க்கிறோம், சட்னியை விட்டுவிடுகிறோம்

பள்ளி வாசலில் நிற்கிற தள்ளுவண்டியைப் பார்த்ததும் பெற்றோர் கேட்பது, "என்ன எண்ணெய்ங்க?" சேலத்துத் தட்டுவடை செட்டைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்விதான். தட்டுவடை, அதாவது பொரித்த தட்டை, ஈரமில்லாத பண்டம். டப்பாவை இறுக மூடினால் சில நாள் தாங்கும். இரண்டு தட்டுவடைக்கு நடுவே வைக்கிற துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், புதினா சட்னி எல்லாம் பச்சை, எல்லாம் ஈரம். வயிற்றுப்போக்கும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் நுழைவது அந்த வழியில்தான்.

காலை 7 மணிக்கு அரைத்த சட்னி, மாலை பள்ளி விடும்போது 9 மணி நேரப் பழசு. 5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குள் கிருமி வேகமாகப் பெருகும். வெளியே 2 மணி நேரம்தான் கணக்கு. சேலத்துக் கோடையில் 1 மணி நேரம். எலுமிச்சை பிழிந்தால் கெடாது என்பார்கள். பெருக்கம் குறையும், நிற்காது. இதைவிட மோசம், தீரப்போகிற சட்னியின் மேலேயே புதிதை ஊற்றுவது: பழையது புதியதற்கு உறைமோராகிவிடும்.

வண்டிக்காரர்களே, குறைவாக அரைத்து, நாலைந்து சிறு டப்பாக்களில் பிரித்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஒன்று தீர்ந்தபின் அடுத்ததை வேறு கரண்டியோடு எடுங்கள். பார் ஐஸ் டப்பாவைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். உருகிய நீர் உள்ளே போகக் கூடாது. மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

மல்லி, புதினாக் கட்டை அப்படியே முக்கி எடுத்தால் வேரிலுள்ள மண் இலைக்கு ஏறும். வேரை நறுக்கி, பிரித்து, பாத்திரத்தடியில் மண் தங்காதவரை அலசுங்கள். உப்புத் தண்ணீர் புழுவை எடுக்கும், கிருமியைக் கொல்லாது. கடைசி அலசலுக்கும் அரைப்பதற்கும் கொதித்து ஆறிய தண்ணீர்.

அடுத்தது கை. உறை மாட்டிக்கொண்டு, அதே உறையோடு சில்லறை வாங்குகிறவர்கள் வெறுங்கைக்காரரைவிட ஆபத்து. வெறுங்கையையாவது கழுவத் தோன்றும். பிள்ளைகளே காசைப் போட ஒரு டப்பா வைத்துவிடுங்கள், தட்டுவடையை இடுக்கியால் எடுங்கள். கழிவறை போய் வந்தால் சோப்புதான், சானிடைசர் போதாது. அச்சடித்த செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பதற்குத் தடை உண்டு.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்தவற்றை விற்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மத்திய உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள். கறாராகப் பார்த்தால் பொரித்த தட்டுவடையே அதில் மாட்டும். வண்டியை 50 மீட்டர் தள்ளி நிறுத்தினாலும், தட்டையும் கையையும் வண்டியையும் துடைக்கிற அந்த ஒரே ஈரத்துணி கூடவேதான் வருகிறது.